துடைத்துத் துடைத்தே வந்த கீறல்: கார்ப் பராமரிப்பு கேள்வி – பதில்

வண்டியைக் கண்ணால் பார்க்காமல் அதற்கு வைத்தியம் சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. பட்டறைக்கு வரும் காரை விளக்கு அடித்துப் பார்க்கிறேன், விரலால் தடவிப் பார்க்கிறேன், அதற்குப் பிறகே மருந்தைத் தொடுகிறேன். கடிதத்தில் அந்த வசதி இல்லை. ஆகவே ஒவ்வொரு பதிலிலும் மிக மென்மையான வழியையே முதலில் சொல்லியிருக்கிறேன். அதற்குக் கறை மசியாதபோது மட்டும் அடுத்த வழிக்குப் போங்கள்.

கறுப்பு நிறக் கார் வாங்கிப் பத்து மாதமாகிறது. எங்கள் குடியிருப்பில் தினமும் காலையில் ஒருவர் வந்து துடைத்துவிடுகிறார். வண்டி எங்கும் உரசவில்லை. ஆனால் வெயிலில் நின்றால் பானெட் முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல் கீறல் தெரிகிறது. பெயின்ட் மட்டமானதா?
— ஒரு வாசகர், தாம்பரம்

பெயின்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். தினமும் துடைப்பதுதான் காரணம். தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூசப்படுகிறது. நாம் பார்த்து மயங்கும் பளபளப்பு முழுவதும் அந்தக் கடைசி அடுக்கில்தான் இருக்கிறது. அதன் கனம் பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனம் 70 மைக்ரான் அளவில் இருக்கும் என்றால், எவ்வளவு மெல்லிய தோலைத் தினமும் தேய்க்கிறோம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தெருத் தூசியில் மணல் உண்டு. மணல் பெயின்ட்டைவிடக் கடினமானது. காலையில் வருபவர் ஒரே வாளி, ஒரே துணியோடு பதினைந்து வண்டிகளை முடிக்கிறார் என்றால், ஐந்தாவது வண்டிக்குள் அந்தத் துணி உப்புத்தாள் ஆகிவிடும். சந்தேகமிருந்தால் ஒருநாள் அவர் வேலையை முடித்ததும் வாளித் தண்ணீரை மெல்லச் சாய்த்து ஊற்றிவிட்டு, அடியில் தங்கியிருப்பதை இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருக்கும். கீறல்கள் வட்டமாகத் தெரிவதால் வட்டமாகத் துடைத்ததே தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வளையம் போலத் தோன்றுகின்றன. நீங்கள் இரண்டடி நகர்ந்து நின்றால் அந்த வளையமும் கூடவே நகரும்.

அவரை நிறுத்திவிடாதீர்கள், அவருடைய பிழைப்பு அது. அதே மாதச் சம்பளத்துக்கு, தினமும் துடைப்பதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை கழுவித் தரச் சொல்லுங்கள். முதலில் எதையும் தொடாமல், கூரையிலிருந்து கீழ்நோக்கித் தண்ணீரை ஊற்றி மணலை இறக்க வேண்டும். பிறகு இரண்டு வாளிகள்: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். ஒரு கதவைத் தேய்த்து முடித்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பின்பே மீண்டும் ஷாம்புவில் நனைக்க வேண்டும். கதவின் அடிப்பகுதியைக் கடைசியாகத் தொட வேண்டும்; சக்கரத்துக்குத் தனித் துணி வேண்டும். மைக்ரோஃபைபர் துணிகளை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பனியன் வேஸ்ட் வேண்டாம், அதில் தையல் நூல் கெட்டியாக இருக்கும்.

இப்போதிருக்கும் கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்கலாம். ஆனால் பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள பரப்பைச் சீவி இறக்குகிறது. ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் சில மைக்ரான் போய்விடும், போனது திரும்பாது. எனவே கழுவும் முறையைத் திருத்தி இரண்டு மாதமாவது ஆன பிறகு பாலிஷைப் பற்றி யோசியுங்கள்.

எங்கள் ஊரில் போர் தண்ணீர்தான். கழுவிக் காய்ந்ததும் பானெட்டிலும் கண்ணாடியிலும் வெள்ளைப் புள்ளிகள் நிற்கின்றன. ஆசிட் கலந்து துடைக்கலாம் என்கிறார்கள்.
— ஒரு வாசகர், ராமநாதபுரம்

கழிவறை ஆசிட்டைக் கார் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அந்தப் புள்ளிகள் தண்ணீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள். தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. ஆகவே தண்ணீரைக் காயவிடாமல் இருப்பதே முதல் வைத்தியம்: வெயில் ஏறுமுன் நிழலில் கழுவி, ஒவ்வொரு பாகமாக உடனுக்குடன் தடித்த துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். கடைசி அலசலுக்கு ஒரு வாளி மழைத் தண்ணீர் கிடைத்தால் நல்லது. வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்தாலும் போதும், அதில் உப்பு அநேகமாக இருக்காது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுத் தண்ணீரைச் சிக்கனமென்று எண்ணி வண்டிக்கு ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஏற்கெனவே படிந்த புள்ளிகளுக்கு வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, குளிர்ந்த பரப்பில் ஒரு நிமிடம் போர்த்தி வைத்து, துடைத்து, ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் படாத ஓர் ஓரத்தில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை செய்தும் மறையவில்லை என்றால், உப்பு போய்விட்டது, அது அரித்த பள்ளம் மட்டும் இருக்கிறது என்று பொருள். அது பாலிஷுக்குரிய வேலை.

ஆயுதபூஜைக்குச் சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் வைத்தோம். மூன்று நாள் கழித்துத் துடைத்தபோது வெள்ளை பானெட்டில் மஞ்சள் கறையும் சிறு கீறல்களும் வந்துவிட்டன. வைக்காமலும் இருக்க முடியாது, என்ன செய்வது?
— ஒரு வாசகி, மதுரை

ஆண்டுதோறும் பூஜை முடிந்த வாரத்தில் என் பட்டறைக்கு வரும் வேலை இது. காய்ந்த சந்தனம் மணலைப் போன்றது. அதை உலர்ந்த துணியால் தேய்த்தபோதுதான் கீறல் விழுந்திருக்கிறது. அடுத்த முறை ஈரத் துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் போட்டு வையுங்கள். ஊறியதும் தண்ணீர் ஊற்றினாலே வழிந்துவிடும். மஞ்சள் கறைக்கு மருந்து வாங்க வேண்டாம். மஞ்சளின் நிறம் வெயிலில் சிதையக்கூடியது; கழுவிவிட்டு வண்டியைச் சில நாள் வெயிலில் நிறுத்திப் பாருங்கள், தானாக வெளுக்கும். குங்குமத்தில் இப்போது சாயம் கலப்பதால் அதற்கு அந்த உத்தரவாதம் தர முடியாது. பூஜைக்கு முந்தின நாள் ஒரு கை வாக்ஸ் போட்டுவிட்டால் கறை எளிதில் பிடிக்காது. அல்லது பொட்டைக் கண்ணாடியின் ஓரத்தில் வையுங்கள்; கண்ணாடிக்குச் சாயம் ஏறாது, சாமியும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மஞ்சளாகிப்போன ஹெட்லைட்டைப் பற்பசையால் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்று ஒருவர் சொல்ல, செய்தேன், ஆனது. மூன்றே மாதத்தில் முன்னைவிட மோசமாகிவிட்டது.
— ஒரு வாசகர், சேலம்

சொன்னவர் பாதியைச் சொல்லியிருக்கிறார். ஹெட்லைட் முகப்பு கண்ணாடி அன்று, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிர் தாக்காதிருக்கத் தொழிற்சாலையில் அதன்மேல் ஒரு பூச்சு போட்டிருப்பார்கள். அது சிதைந்துதான் மஞ்சளாகிறது. பற்பசை லேசான உராய்வுப் பொருள். மிச்சமிருந்த பூச்சையும் அது எடுத்துவிட்டது. இப்போது 800, 1500, 3000 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தண்ணீர்விட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் எனும் தேய்ப்புப் பசை போட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை மறுபடி அடிக்க வேண்டும். இந்தக் கடைசி வேலை இல்லாமல் முதல் வேலையில் இறங்கவே கூடாது.

புதுக் காருக்கு 9எச் செராமிக் கோட்டிங் போட்டால் வைரத்துக்கு அடுத்த கடினம், கல் பட்டாலும் கீறாது என்கிறார்கள். உண்மையா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

வைரத்தை 10 என்று வைத்து எண்ணும் அளவுகோல் வேறு, இந்த 9எச் வேறு. பெயின்ட் பூச்சுகளைப் பென்சிலால் கீறிப் பார்க்கும் ஒரு சோதனை இருக்கிறது. அதில் 9எச் என்பது மிகக் கடினமான பென்சில். அந்தப் பென்சில் கீறவில்லை என்பதற்குமேல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. கோட்டிங்கின் கனம் ஓரிரு மைக்ரான்தான்; நெடுஞ்சாலையில் லாரிச் சக்கரம் தெறிக்கவிடும் கல்லை அது தடுக்காது. தடுக்க வேண்டுமென்றால் 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பாலியூரித்தேன் படலம் ஒட்ட வேண்டும். செலவு பல மடங்கு.

அதற்காகக் கோட்டிங் வீண் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு எளிதில் கழன்று வரும், பறவை எச்சம் அரிக்குமுன் கழுவ உங்களுக்குச் சற்று அவகாசம் கிடைக்கும். போடுமுன் கடைக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: பெயின்ட்டின் கனத்தைக் கருவியால் அளந்து, பாலிஷுக்கு முன்னும் பின்னும் எழுதித் தருவாரா? தயங்காமல் தருகிறவரிடம் போடலாம். ஷோரூமிலேயே விழுந்த கீறல்களை எடுக்காமல் மேலே கோட்டிங் பூசினால், அந்தக் கீறல்களைக் காசு கொடுத்துப் பத்திரப்படுத்துகிறீர்கள்.

நான் ஒரு கார் வாஷ் கடையில் வேலை கற்கிறேன். எந்தப் பாட்டிலிலும் பெயர் இல்லை. என்ன மருந்து என்று கேட்டால் முதலாளி சொல்ல மறுக்கிறார். நீங்களோ முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் எழுதுகிறீர்கள். தொழில் ரகசியம் வெளியே போனால் உங்களுக்கு நஷ்டமில்லையா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

தம்பி, முதலில் உங்கள் கையைப் பற்றிப் பேசுவோம். அலாய் சக்கரத்திலும் கண்ணாடியிலும் ஒரே வீச்சில் கறையை எடுக்கும் சில மருந்துகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதைத் தரும் உப்போ இருக்கும். நீர்த்த நிலையில் தோலில் பட்டால் முதலில் எரிச்சல்கூடத் தெரியாது. சில மணி நேரம் கழித்து, உள்ளே ஆழமாக இறங்கிய பிறகுதான் வலி தொடங்கும். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அங்கே என்ன அமிலம் என்று கேட்பார்கள், பெயரில்லாத பாட்டிலை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வீர்கள்? எனவே முதலாளியிடம் மருந்தின் விலையையோ வாங்கும் இடத்தையோ கேட்காதீர்கள். அமிலமா, காரமா, எத்தனை பங்கு தண்ணீர், எத்தனை நிமிடம் என்று மட்டும் கேளுங்கள். அதைச் சொல்வதில் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அதையும் சொல்ல மறுத்தால் ரப்பர் கையுறை இல்லாமல் அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள். முடிந்தால் வேறு கடை பாருங்கள்.

எனக்கு நஷ்டமா என்றால், இதுவரை இல்லை. இரண்டு வாளி முறையைக் கற்றுக்கொண்டு தாமே கழுவுகிறவர், பாலிஷ் என்று வரும்போது என்னிடமே வருகிறார்; கீறல் குறைவாக இருப்பதால் எனக்கும் வேலை சுலபம். மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்வதால் யாரும் என் வாடிக்கையாளரைக் கொண்டுபோக முடியாது. வித்தை கையில் இருக்கிறது, அது வர நாளாகும். நான் இந்தத் தொழிலில் சேர்ந்த இரண்டாவது ஆண்டில், பாலிஷ் போடும் சுழல் இயந்திரத்தை பானெட்டின் விளிம்பில் கூடுதலாக ஒரு நொடி நிறுத்திவிட்டேன். ரப்பர் கருகுவதுபோல் ஒரு வாடை வந்தது. எடுத்துப் பார்த்தால் நகக்கண் அளவுக்கு உள்ளிருக்கும் பிரைமர் வெளுப்பாகத் தெரிந்தது. விளிம்பில் பூச்சு மெல்லியதாக இருக்கும், சூடும் அங்கேதான் தேங்கும் என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த பானெட்டுக்கு மறுபடி பெயின்ட் அடித்த செலவு என் இரண்டு மாதச் சம்பளத்தில் கழிந்தது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இது. டிங்கரிங் பட்டறையில் ஒடுங்கிப்போன பழைய பானெட் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கறுப்பு நிறமாக இருந்தால் தவறு நன்றாகத் தெரியும். பாதியில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிரித்து, ஒரு பக்கத்தை மட்டும் பாலிஷ் போட்டு, டேப்பை உரித்து இரண்டு பக்கத்தையும் விளக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள். இயந்திரத்தை முதலில் குறைந்த வேகத்தில், பஞ்சு பேடோடு ஓட்டுங்கள். அவ்வப்போது புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள்; வைத்த கையை எடுக்கத் தோன்றும் அளவுக்குச் சூடேறினால் நிறுத்திவிட வேண்டும். நடுப்பகுதி கைக்கு வந்த பிறகு, ஒருநாள் வேண்டுமென்றே விளிம்பில் நிறுத்தி பெயின்ட்டை எரித்துப் பாருங்கள். அந்த வாடை எப்படியிருக்கும் என்பதைக் கடிதத்தில் எழுதி உங்களுக்குப் புரியவைக்க என்னால் முடியாது.