எந்த பாட்டிலின் மூடி?

கேள்வி: மகளுக்கு ஒன்றரை மாத ஊசி போட்ட அன்று இரவே காய்ச்சல். தொடை வீங்கி, விடிய விடிய அழுதாள். பெரியவனுக்கு வாங்கிய காய்ச்சல் மருந்து வீட்டில் மிச்சம் இருந்தது, அதில் ஒரு மூடி கொடுத்தோம். மறுநாள் சரியாகிவிட்டது. இப்போது இரண்டரை மாத ஊசியே வேண்டாம் என்கிறார் மாமியார். கணவரும் அவர் பக்கம். என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ஊசி மேல் இத்தனை பயம், அந்த 'ஒரு மூடி' மேல் துளியும் இல்லையே! எந்த பாட்டில் அம்மா அது? சிரப்பா, டிராப்ஸா? எழுதவில்லை. லேபிளைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

பாராசிட்டமால் டிராப்ஸில் பொதுவாக ஒரு மில்லிக்கே 100 மி.கி. மருந்து இருக்கும். சிரப் என்றால் 5 மில்லிக்கு 125 மி.கி., சிலவற்றில் 250. மூடி 5 மில்லி பிடித்து, உள்ளே இருந்தது டிராப்ஸ் என்றால், கைக்குழந்தைக்கு நீங்கள் புகட்டியது 500 மி.கி. பெரியவர்கள் போடும் முழு மாத்திரை! நாலரை கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 70 மி.கி.கூடத் தேவையில்லை. அளவு மீறினால் கல்லீரல்தான் அடிவாங்கும். மறுநாள் சரியானதால் கொடுத்த அளவு சரியென்று ஆகிவிடாது.

காய்ச்சலுக்கு வருவோம். ஒன்றரை மாதத்தில் போடும், ஐந்து நோய்களைத் தடுக்கும் அந்த ஊசியில் கக்குவான் இருமலுக்கான பகுதிதான் பெரும்பாலும் உடம்பைச் சுட வைக்கும், ஓரிரு நாளில் இறங்கிவிடும். ஆனால் 'விடிய விடிய' என்கிறீர்களே, நடுவில் பால் குடித்துத் தூங்கினாளா, இல்லை மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் கத்தினாளா? இரண்டும் ஒன்றல்ல. அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஊசி வேண்டுமா என்பதை அவரிடம் கேளுங்கள், கூடத்தில் உட்கார்ந்து ஓட்டெடுப்பு நடத்தாதீர்கள்.

மாமியாரைத் திட்ட மாட்டேன். அன்று இரவு பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தது அவராகத்தான் இருக்கும். உங்கள் கணவர் மேல்தான் எனக்குக் கோபம். பெற்ற தகப்பனுக்குப் பக்கம் சேர்வதா வேலை? தடுப்பூசி அட்டையைப் படிக்கச் சொல்லுங்கள். இந்தப் புதன்கிழமையே அவர் லீவு போட்டு, குழந்தையையும் அட்டையையும் அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உங்களோடு வரட்டும். தேதி தள்ளிப்போயிருந்தாலும் முதலிலிருந்து போட வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். தொடையைத் தேய்க்க வேண்டாம், சூடு ஒத்தடமும் வேண்டாம், ஈரத்துணி போதும். காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி என்று எடைக்குத் தக்கபடி எழுதி வாங்குங்கள். வலிப்பு, துவண்டு போவது, மூச்சுத் திணறல் என்றால் நேரே ஆஸ்பத்திரிக்கு. அந்த மூடியை இன்றே குப்பையில் போட்டுவிட்டு, அளவுக்கோடு போட்ட சிரிஞ்ச் ஒன்று வாங்கி வையுங்கள்.