வாசகர் கேள்வி–பதில்: எழுத்திலிருந்து ஓவியத்துக்கு

கேள்வி: ஒரு நாவலுக்கு அட்டைப்படம் வரைபவர் கதையில் உள்ளதை அப்படியே தீட்டுவதுதானே முறை? பல அட்டைகளில் முக்கியப் பாத்திரமே காணப்படுவதில்லையே?

பதில்: இந்த விஷயத்தில் ஓவியரைவிட எழுத்தாளரே கண்டிப்பாக இருந்ததும் உண்டு. மனிதன் ஒருவன் பூச்சியாக மாறிக் கண்விழிக்கும் ‘உருமாற்றம்’ 1915ஆம் ஆண்டு நூலாக அச்சேறவிருந்தபோது, ஓவியர் ஒட்டோமர் ஷ்டார்கே அந்தப் பூச்சியையே வரைந்துவிடுவாரோ என்று அஞ்சிய ஃபிரான்ஸ் காஃப்கா, அதைத் தொலைவிலிருந்துகூடக் காட்டக் கூடாது என்று பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். திறந்த கதவு, அதன் பின்னால் இருள், இரு கைகளாலும் முகத்தை மூடியபடி விலகி வரும் ஓர் ஆள். அட்டையில் வந்தது இவ்வளவுதான். பூச்சிக்கு எத்தனை கால்கள் என்று வாசகர் எண்ணிப் பார்க்கும் நிலை வந்திருந்தால், அந்தக் கதையின் அச்சம் பாதியாகக் குறைந்திருக்கும் என்பதே என் கருத்து.

நூலிலிருந்து பிறந்த கலை, நூலை விட்டு வெகுதூரம் போவதும் தவறில்லை. பாரிஸில் அமையவிருந்த ஓர் அருங்காட்சியகத்துக்காக 1880இல் வாயிற்கதவு ஒன்றைச் செய்யும் பணியைப் பெற்ற பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்த் ரோடான், 14ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘டிவைன் காமெடி’ காவியத்திலுள்ள நரகக் காண்டத்தைக் கருப்பொருளாகக் கொண்டார். கதவின் உச்சியில் அமர்ந்து கீழே வதைபடுபவர்களைப் பார்க்கும் உருவம் முதலில் தாந்தேயைக் குறித்தது. பிறகு தனிச் சிலையாகப் பெரிதாக்கப்பட்டு 1904இல் காட்சிக்கு வைக்கப்பட்ட அதுவே ‘சிந்தனையாளர்’ என்று உலகம் அறிந்த சிற்பம். அந்த அருங்காட்சியகமோ திட்டமிட்ட இடத்தில் கட்டப்படவே இல்லை. தாந்தேயை ஒரு வரிகூடப் படிக்காதவரையும் அந்தச் சிலை நிறுத்திவைக்கிறது.

கேள்வி: காமிக்ஸிலும் கிராஃபிக் நாவலிலும் ஓவியம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பார்த்து வரைவது எப்படிப் புதிய கலையாகும்?

பதில்: நியாயமான சந்தேகம். அமெரிக்க ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைன் 1963இல் தீட்டிய ‘வாம்!’ என்ற ஓவியம், இர்வ் நோவிக் 1962ஆம் ஆண்டு போர்க் காமிக்ஸ் ஒன்றுக்காக வரைந்த கட்டத்தைத் தழுவியது. உள்ளங்கைக்குள் அடங்கும் அக்கட்டத்தை, ஏறத்தாழ 4 மீட்டர் அகலத்தில் இரண்டு திரைச்சீலைகளாகப் பிரித்து, சுடும் விமானத்தை ஒன்றிலும் வெடித்துச் சிதறும் விமானத்தை மற்றொன்றிலும் வைத்தார். மலிவான அச்சில் நிறம் கூட்டப் பயன்பட்ட புள்ளிகளை மறைக்காமல், பெரிதாக்கிக் காட்டினார். அளவும் இடைவெளியும் மாறியதால் பார்வையும் மாறியது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் ஒருவரின் ஓவியம் அருங்காட்சியகச் சுவருக்குப் போக, மூலத்தை வரைந்தவரின் பெயர் நெடுங்காலம் பேசப்படாமலேயே கிடந்தது. அதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

கேள்வி: எனக்குப் பிடித்த கிராஃபிக் நாவலின் பாத்திரங்களைச் சுவரொட்டியாக வடிவமைத்து விற்கலாமா?

பதில்: உரியவரின் அனுமதி இன்றி விற்க வேண்டாம். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி, பதிப்புரிமை பொதுவாக ஆசிரியரின் ஆயுளுக்குப் பிறகு குறைந்தது 50 ஆண்டுகள் நீடிக்கும். பல நாடுகளில் 70 ஆண்டுகள். வரைந்த உருவத்துக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. தாந்தேயைத் தடையின்றி எடுத்தாளலாம். ஆனால் அண்மையில் வந்த மொழிபெயர்ப்பின் வரிகளைச் சுவரொட்டியில் பதிப்பதாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரின் உரிமையையும் கவனியுங்கள்.