டெல்லி கனகாம்பரத்தில் திட்டுத் திட்டாக வாடல்

கேள்வி: வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பகுதியில் முப்பது சென்ட் செம்மண்ணில் வைத்த டெல்லி கனகாம்பரம், இரண்டாம் ஆண்டில் திட்டுத் திட்டாகக் காய்கிறது. பூவும் சிறுத்துவிட்டது, நாரில் நிற்கவில்லை என்று பூக்கட்டுபவர்கள் திருப்பிவிடுகிறார்கள். பூஞ்சாண மருந்து இரண்டு முறை ஊற்றியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மறுபடியும் மருந்து ஊற்றுவதற்கு முன், முற்றிலும் காய்ந்ததை விட்டுவிட்டு, இலையோரம் இளஞ்சிவப்பும் பழுப்புமாக மாறித் தொங்கத் தொடங்கிய ஒரு செடியை வேரோடு எடுத்து, வாளித் தண்ணீரில் மண் கரையும்வரை அலசிப் பாருங்கள். வெள்ளைச் சல்லிவேர்கள் குறைந்து, எஞ்சியவற்றில் கரும்பழுப்புப் புண்கள் தெரிந்து, விரலால் உருவும்போது பட்டை நார்நாராகக் கழன்று வந்தால், வாடல் பூஞ்சாணத்தோடு வேரைப் புண்ணாக்கும் நூற்புழுவும் சேர்ந்திருக்கிறது என்றே ஐயுற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இப்புழு துளைத்த வேரில் பியூசேரியம் பூஞ்சாணம் எளிதில் புகுந்துவிடுவதால், பூஞ்சாண மருந்து மட்டும் போதாது. இந்தப் புழு வேரில் முடிச்சு உண்டாக்காது. ஆகவே முடிச்சு இல்லை என்பதை வைத்துப் புழு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பாதித்த செடிகளின் வேரையும் சுற்றியுள்ள ஈரமண்ணையும் பாலித்தீன் பையில், வெயில் படாமல், விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திற்குக் கொண்டுபோய்க் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

பூக்கட்டுபவர்களின் குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். மணமில்லாத கனகாம்பரத்திற்கு நிறமும், பூவின் அடியிலுள்ள நீண்ட குழலுமே விலை. மல்லிகையோடும் மருவோடும் கதம்பமாகத் தொடுக்கும்போது நார்முடிச்சு விழுவது அந்தக் குழலில்தான். வேர் நலிந்து பூ சிறுத்தால் குழலும் குட்டையாகி, முடிச்சு நழுவுகிறது.

காய்ந்த செடிகளை வேரோடு அகற்றி எரித்துவிட்டு, எஞ்சிய பயிருக்கு முப்பது கிலோ வேப்பம்புண்ணாக்கையும், மட்கிய தொழுவுரத்தில் கலந்த 300 கிராம் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாவையும் ஈரமிருக்கும்போது வேரடியில் இடுங்கள். வெற்றான திட்டுகளில் செண்டுமல்லி நடுங்கள். அதன் வேர்ச்சுரப்பு நூற்புழுவைக் கட்டுப்படுத்துவதோடு, பூவும் மாலைக்குப் போகும். நோயுற்ற திட்டிலிருந்து நல்ல பாத்திக்கு நீர் பாயவே கூடாது. பாதிக்கு மேல் காய்ந்திருந்தால் செலவு செய்வது வீண். முழுவதையும் அழித்துவிடுவதே நல்லது.

டெல்லி வகை விதை பிடிக்காததால் குச்சிகளை வேர்பிடிக்க வைத்தே நடுகிறோம். அந்த நாற்றங்கால் மண்ணோடு புழுவும் புதுத் தோட்டத்திற்கு வந்துவிடுகிறது. எனவே தங்கள் தோட்டத்துக் குச்சியை இம்முறை எடுக்காதீர்கள். சித்திரை, வைகாசியின் வேலூர் வெயிலில், நனைத்த நாற்றங்கால் மண்ணை நிறமற்ற பாலித்தீன் தாளால் ஓரம் அடைத்து மூடி, ஆறு வாரம் வேகவிட்ட பிறகே, நோயற்ற தோட்டத்துக் குச்சிகளை அதில் ஊன்றுங்கள்.