மெத்தோட்ரெக்சேட்: நாலு வாரத்தில் நிறுத்திவிடலாமா?

அம்மாவுக்கு முடக்குவாதம், வாரம் ஒருநாள் 15 மி.கி. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை போட்டும் நாலு வாரமாக வலி குறையவில்லை, மறுநாள் குமட்டல் என்கிறீர்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்; இது வேலைசெய்ய 6 முதல் 12 வாரம் பிடிக்கும். குமட்டலுக்கு, இரவு சாப்பிட்டபின் போட்டுவிட்டுப் படுக்கட்டும். மருந்துச் சீட்டில் ஃபோலிக் அமிலம் (குமட்டல் போன்ற பக்கவிளைவைக் குறைக்கும் வைட்டமின்) இருக்கிறதா பாருங்கள்; அதை மெத்தோட்ரெக்சேட் போடாத வேறு நாளில் போடுவதே வழக்கம். அப்படியும் அடங்காவிட்டால் ஊசியாக மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

குமட்டலைவிட எனக்குக் கவலை வேறு: வார மாத்திரையைத் தவறித் தினமும் போட்டுவிடுவது. இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை முடங்கி உயிருக்கே ஆபத்தாகும். கிழமையை அட்டையிலேயே பேனாவால் எழுதிவையுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த வேளையைப் போடாமல் அன்றே காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், மெத்தோட்ரெக்சேட் போடுவதை உடனே சொல்லுங்கள். இரண்டும் சேரவே கூடாது.