விரல் சுருண்டு போன கோழிக்குஞ்சுகளுக்கு

ஆறு வாரக் குஞ்சுகளில் இரண்டு நடக்க முடியாமல் முட்டியால் நகர்கின்றன, விரல்கள் உள்பக்கம் சுருண்டிருக்கின்றன, தீனி வெறும் குருணைதான் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. இது பெரும்பாலும் பி2 வைட்டமின் குறைபாடு. தீட்டிய அரிசியில் அந்தச் சத்து மிகவும் குறைவு.

முதலில் அந்த இரண்டையும் தனியாக எடுத்து, வைக்கோல் பரப்பிய கூடையில் விடுங்கள். இல்லையென்றால் மற்றவை மிதித்தே கொன்றுவிடும். கால்நடை மருந்துக்கடையில் கோழிக்கான பி காம்ப்ளெக்ஸ் டானிக் கிடைக்கும். பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் தண்ணீரில் கலந்து, நிழலில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் பி2 கெட்டுவிடும், அதனால் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். எழுந்து வர முடியாத குஞ்சுக்கு அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், அவசரப்பட்டால் புரையேறிவிடும்.

குருணையை நிறுத்திவிட்டுக் குஞ்சுத் தீவனத்துக்கு மாறுங்கள். கூடவே பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை, கொஞ்சம் கரையான். காலை வெயிலும் வேண்டும், உடம்பில் வைட்டமின் டி3 உருவாக அது உதவும். முட்டைக்கோழித் தீவனம் மட்டும் இப்போது வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து இந்த வயதில் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சீக்கிரம் கொடுத்தால் சில நாளிலேயே விரல் விரியத் தொடங்கும். நாள்பட்டுப் போயிருந்தால் கெட்டுப்போன கால் நரம்பு முழுதாகக் குணமாகாது.

அப்புறம் ஒன்று: ஒரு கால் முன்னாலும் மற்றொன்று பின்னாலும் நீட்டிக் கிடந்தால் மேரக்ஸ் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு டானிக் உதவாது, கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.