டயாலிசிஸ் கதீட்டர் லாக் கரைசல்களுக்கு மெடிகேரில் பில் எழுதுவது: கேள்வி பதில்

கேள்வி: ஒவ்வொரு சிகிச்சையின் முடிவிலும் கதீட்டரில் (இரத்தக்குழாயில் பொருத்திய டயாலிசிஸ் குழாய்) ஹெப்பாரின் லாக், அதாவது அடுத்த சிகிச்சை வரை அதில் நிரப்பி வைக்கும் கரைசல், இடுகிறோம். அதற்குத் தனியாகப் பணம் கோரலாமா?

பதில்: கோர முடியாது. 2011 ஜனவரி 1 முதல் அமெரிக்க அரசின் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், நிலைத்த சிறுநீரகச் செயலிழப்புக்கான டயாலிசிஸுக்கு ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரே தொகுப்புக் கட்டணம் தருகிறது. கதீட்டர் அடைபடாமல் காக்கும் ஹெப்பாரினும், அடைப்பைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸும் அந்தத் தொகுப்புக்குள் அடங்கிவிடுகின்றன.

கேள்வி: பில்லில் ஏ.ஒய் (AY) என்ற குறியைச் சேர்த்தால் ஹெப்பாரினுக்குத் தனிப்பணம் வரும் என்று ஒருவர் சொன்னார். சரிதானா?

பதில்: அந்த யோசனையை ஏற்காதீர்கள். சிறுநீரக நோய்க்குத் தொடர்பில்லாத காரணத்துக்காகக் கொடுத்த மருந்தைக் காட்டவே அந்தக் குறி இருக்கிறது. இரத்தக்குழாய் வழியைப் பேணும் மருந்துகளை மெடிகேர் எப்போதும் டயாலிசிஸைச் சேர்ந்தவையாகவே கொள்வதால், அவற்றில் இக்குறியை இடுவது உண்மைக்குப் புறம்பான அறிக்கையாகும்.

கேள்வி: கிருமிகளை அழிக்கும் டாரோலிடினும் ஹெப்பாரினும் கலந்த டெஃபென்கேத் என்ற லாக் கரைசலை மட்டும் ஏன் வேறாகப் பார்க்கிறார்கள்?

பதில்: கதீட்டர் வழியாக நீண்டகால டயாலிசிஸ் பெறும் பெரியவர்களுக்கு இரத்தத் தொற்றைக் குறைப்பதற்கென்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 நவம்பரில் இதற்கு ஒப்புதல் அளித்தது. கதீட்டர் வழி வரும் தொற்று உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால், பில்லிங் குழப்பம் காரணமாக ஒரு மையம் இம்மருந்தைத் தவிர்ப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. புது மருந்துகள் தொகுப்புக் கட்டணத்துக்குள் வந்து பழகும் வரை மெடிகேர் தரும் தற்காலிகக் கூடுதல் தொகை, 2024 ஜூலை 1 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இதற்கு வழங்கப்பட்டது. அந்தக் காலத்துச் சிகிச்சைகளுக்கு ஜே0911 (J0911) என்ற இம்மருந்தின் பில் குறியீட்டுடன் ஏ.எக்ஸ் (AX) குறியையும் இட வேண்டும். அதன் பிறகு மூன்று ஆண்டுகள், அம்மருந்துக்கான செலவில் 65 விழுக்காட்டை அடிப்படையாகக் கொண்ட ஒரு சிறு தொகை எல்லா டயாலிசிஸ் சிகிச்சைகளின் கட்டணத்திலும் பரவலாகச் சேர்க்கப்படும் என்பது விதி.

கேள்வி: ஜே0911-க்கு எத்தனை யூனிட் எழுதுவது? எங்கள் கணக்கு ஒவ்வொரு முறையும் வேறுபடுகிறது.

பதில்: பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நேர்கின்றன. பில்லில் எழுதும் ஒரு யூனிட் என்பது 1.35 மில்லிகிராம் டாரோலிடினும் 100 யூனிட் (இது மருந்தின் அளவு) ஹெப்பாரினும் சேர்ந்தது, அதாவது 0.1 மில்லிலிட்டர். ஆகவே 3 மில்லிலிட்டர் குப்பி 30 யூனிட், 5 மில்லிலிட்டர் குப்பி 50 யூனிட். கதீட்டரின் இரு குழல்களும் தலா 1.9 மில்லிலிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், இட்டது 3.8 மில்லிலிட்டர், 38 யூனிட். 5 மில்லிலிட்டர் குப்பியில் மீந்து கொட்டிய 1.2 மில்லிலிட்டரை 12 யூனிட்டாக, ஜே.டபிள்யூ குறியுடன் தனி வரியில் காட்ட வேண்டும். எதுவும் மீதமில்லாவிட்டால் ஜே.இசட் குறி இட வேண்டும். ஒற்றைப் பயன்பாட்டுக் குப்பிகளில் வரும் டயாலிசிஸ் மருந்துகளுக்கு இந்தக் குறிகள் 2025 ஜனவரி 1 முதல் கட்டாயமாயின.

அடுத்த சிகிச்சைக்கு முன் கதீட்டரிலிருந்து உறிஞ்சிக் கொட்டும் கரைசலை வீணான மருந்தாகக் கணக்கிடக்கூடாது. அது முன்பே நோயாளிக்கு இட்ட மருந்து. செவிலியர் குறிப்பில் குழல்களின் கொள்ளளவு, இட்ட அளவு, கொட்டிய அளவு ஆகிய மூன்றும் தனித்தனியே இல்லையென்றால், பில் எழுதுபவர் ஊகித்தே எழுத வேண்டியதாகிவிடும். அத்தகைய பில்லைத் தணிக்கையில் காப்பாற்ற முடியாது.

கேள்வி: பில்லில் வேறு எதைச் சரிபார்க்க வேண்டும்?

பதில்: இரத்தக்குழாய் வழியைக் காட்டும் குறியைப் பாருங்கள். கதீட்டர் உள்ளவருக்கு, ஃபிஸ்டுலாவும் (தமனியையும் சிரையையும் இணைத்து அமைத்த வழி) இருந்தாலும்கூட, வி5 வர வேண்டும். ஜே0911 உள்ள பில்லில் ஃபிஸ்டுலாவை மட்டும் குறிக்கும் வி7 வந்தால், இரண்டும் ஒன்றையொன்று மறுத்துவிடும்.

கேள்வி: நோயாளியும் பணம் கட்ட நேருமா?

பதில்: நேரும். கூடுதல் தொகைக்கும் 20 விழுக்காட்டுப் பங்கு அவர் மீது விழும். துணைக் காப்பீடு இல்லாதவரிடம் முதல் குப்பியைத் திறப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். சமூகப் பணியாளரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.