இலவசக் கருவியில் எடுத்த சர்வேயை ஆய்வுக் குழு ஏற்குமா?

ஆய்வுக்கு ஆன்லைனில் சர்வே எடுக்க எந்த இலவசக் கருவி நல்லது, காசு கட்டாமல் எடுத்த டேட்டாவை ஆய்வுக் குழு ஏற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது பாதியைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஏற்கும். முகம் சுளித்தாலும் ஏற்க வைக்கலாம், நான் வைத்திருக்கிறேன்.

நீங்கள் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறீர்கள், உங்கள் நிறுவனத்திடம் குவால்ட்ரிக்ஸ் மாதிரி காசு கட்டி வாங்கும் சர்வே மென்பொருள் எதற்கும் உரிமம் இல்லை, கைடும் 'எதையாவது வைத்துப் பண்ணு' என்று சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். என் நிலைமையும் அதுதான்.

என் ஆய்வு இரவுப் பணி செவிலியர்களின் சோர்வு பற்றியது. லிங்க் அனுப்பினால் யாரும் நிரப்ப மாட்டார்கள் என்று முதலிலேயே தெரியும். வார்டுக்குள் பல இடங்களில் சிக்னல் இல்லை, பணி நேரத்தில் கையில் போன் வைத்திருக்கவும் முடியாது. அதனால் கோபோ டூல்பாக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். ஹார்வர்டு ஹியூமனிடேரியன் இனிஷியேட்டிவ் வளர்த்த கருவி அது. பேரிடர்ப் பகுதிகளில் வேலை செய்பவர்களை மனதில் வைத்துச் செய்தது. கேள்விகளைக் கணினியில் வடிவமைத்து, கோபோகலெக்ட் செயலியில் இறக்கிக்கொண்டால் இணையமே இல்லாமல் நிரப்பலாம். நெட் கிடைக்கும்போது அனுப்பினால் போதும். இலவசக் கணக்கில் மாதத்துக்கு இத்தனை பதிவு என்று வரம்பு உண்டு, ஆனால் ஒரு தனி ஆய்வாளர் அதைத் தொடுவது கடினம். பழைய டேப்லெட் ஒன்றை எடுத்துக்கொண்டு, பணி முடிந்து வருகிறவர்களிடம் நானே நேரில் போய்க் கேட்டேன்.

கேள்விகளை வடிவமைக்கும்போதே விதிகளை வைத்துவிட்டேன். வயது என்ற இடத்தில் 250 என்று அடித்தால் செயலி அடுத்த கேள்விக்கு நகரவே நகராது. கடந்த மாதம் இரவுப் பணி பார்க்கவில்லை என்றால் அது தொடர்பான கேள்விகள் தானாகவே மறைந்துவிடும். ஒவ்வொரு பதிவிலும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், தனி அடையாள எண் எல்லாம் இருக்கும். காகித வினாத்தாளில் இதில் எது சாத்தியம், சொல்லுங்கள்?

அப்படியிருந்தும் ஆய்வுக் குழுவில் ஒரு உறுப்பினர், "இலவச மென்பொருள்தானே, இதில் யார் வேண்டுமானாலும் எதையும் மாற்றலாமே" என்றார். அன்றன்று மாலை இறக்கி, கை வைக்காமல் பூட்டி வைத்திருந்த மூலக் கோப்புகளைத் திறந்து காட்டினேன். திருத்தம் எல்லாம் தனிப் பிரதியில், ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் எழுதிய ஸ்கிரிப்ட் வழியாக, என்ன மாற்றினேன் என்பது வரிவரியாகத் தெரியும்படி இருந்தது. அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அதே அறையில் காகிதக் கட்டுகளோடு வந்தவர்களிடம் இந்தக் கேள்வி எழவே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

குழு உண்மையில் கேட்க வேண்டியது, பதில் சொன்னவர்கள் யார் என்பதை. 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேல் பதில்களைத் திரட்டி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று சொன்னது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளினார். தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் என்று எடுத்த முகவரிப் பட்டியல், அதிலும் ஆர்வப்பட்டவர்கள் மட்டும் திருப்பி அனுப்பிய பதில்கள். விலை உயர்ந்த எந்தக் கருவியும் அந்தப் பிழையைத் திருத்தியிருக்காது. வாட்ஸ்அப் குழுக்களில் லிங்க்கை வீசிவிட்டு, வந்த பதில்களை, குலுக்கல் போல எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுத்துத் தேர்ந்தெடுத்த ‘ரேண்டம் சாம்பிள்’ என்று எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

உங்களுக்கு லிங்க் அனுப்பினாலே போதும் என்றால் கூகுள் ஃபார்ம்ஸ் தாராளமாகப் போதும். அதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் வருவார்கள், பொருட்படுத்த வேண்டாம். ஆனால் சோதனைக் குழுக்களாக ஆட்களைத் தற்செயலாகப் பிரிக்கும் வசதி அதில் இல்லை. ஒருவருக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தினால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும், பெயர் தெரியாமல் பதில் சொல்ல நினைப்பவர் அங்கேயே விலகிவிடுவார். சர்வேமங்கியின் இலவசக் கணக்கில் பத்துக் கேள்விதான். பத்து வரி மன அழுத்த அளவுகோல் ஒன்றைத் தனித்தனிக் கேள்விகளாக வைத்தால் வயதைக் கேட்கக்கூட இடமிருக்காது. லைம்சர்வே திறந்த மூல மென்பொருள், உங்கள் துறையின் சர்வரில் நிறுவிக்கொண்டால் கேள்விக்கும் பதிலுக்கும் வரம்பில்லை, எஸ்பிஎஸ்எஸ் என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருள், ஆர் இரண்டுக்கும் ஏற்ற கோப்பு கிடைக்கும். நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், அவ்வளவுதான். மருத்துவ ஆய்வு என்றால், ஆய்வு டேட்டாவைத் திரட்டிச் சேமிக்கும் ரெட்கேப் என்ற மென்பொருள் பற்றி விசாரியுங்கள். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-இல் தொடங்கியது, அதன் கூட்டமைப்பில் சேர்ந்த நிறுவனங்களுக்கு இலவசம். தனிநபராகப் பெற முடியாது.

நோயாளியின் அந்தரங்க விவரங்களை எந்த இலவசக் கணக்கில் வேண்டுமானாலும் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படிப் படித்துவிட வேண்டாம். டேட்டா எந்த சர்வரில் தங்கும் என்பதை நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த டேட்டாவை வைத்து எழுதிய கட்டுரையில், ஒரு வார்டுக்குக்கூட வராத, ஒரு கேள்வியைக்கூடப் படிக்காத ஒருவரின் பெயர் என் பெயருக்கு முன்னால் அச்சானது. "இதெல்லாம் வழக்கம்" என்றார்கள். வழக்கமாக இருந்தால் நியாயம் ஆகிவிடுமா? டேட்டா எடுக்கப் போகும் முன்பே ஆசிரியர் வரிசையை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, கடைசியாக ஒன்று. எந்தக் கருவியானாலும் லிங்க்கை வெளியே விடும் முன் நீங்களே சில போலிப் பதில்களை நிரப்பி, கோப்பை இறக்கி, பகுப்பாய்வு மென்பொருளில் திறந்து பாருங்கள். ‘முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்’ என்பது 5 என்று வருகிறதா, எழுத்தாகவே வருகிறதா என்று கவனியுங்கள். கூகுள் ஃபார்ம்ஸில் வாக்கியங்களை வரிசையாகவும் விடைகளைப் பத்திகளாகவும் அடுக்கும் கட்டவடிவக் கேள்வி வைத்து, விடைகளை இப்படி எழுத்தில் கொடுத்தால் எழுத்தாகத்தான் வரும், எண்ணாக மாற்றும் வேலை உங்களுடையது. அந்தப் போலிப் பதில்களை நீக்கிவிட்டு லிங்க்கை அனுப்புங்கள்.